மூடுவாசல்

அன்று காலையிலிருந்து தணிகாசலம் யார் யாரையோ “அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் அம்மா, ஒரு பெரியப்பா. டீ குடிக்கக்கூட விடாமல் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பாலாற்றங்கரை மயானத்தில் எல்லா நாளும் இப்படித்தான்.

நான் எஸ்தர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள். இறந்தவரின் குடும்பம் எனக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில், வடிகட்டிய காற்றில், நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடையும் தணிகாசலமும். “மகன் முறைங்க. அப்பான்னு கூப்பிடணும்” என்று நான் மைக்கில் சொல்வேன். அவர் குனிந்து, பிணத்தின் காதருகே வாயைக் கொண்டுபோய் மூன்று முறை கூப்பிடுவார். வாய்க்கரிசி போடுவார். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து உடைப்பார். கொள்ளி வைப்பார். பெற்ற பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்று அழும். என் சபையில் இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. ஆனாலும் எந்த வீட்டார் எதற்குச் சண்டை பிடிப்பார்கள் என்பது வரை எனக்கு அத்துப்படி.

இழுப்புக் காய்ச்சல் வந்த புதிதில் எனக்கும் எதுவும் புரியவில்லை. காய்ச்சல் வார்டு டாக்டர் ருக்சானாதான் விளக்கினார்.

“எஸ்தர், மூச்சுக்குழாய்ல இருக்கற ஒவ்வொரு செல்லு மேலயும் சின்னச் சின்ன வாசல் மாதிரி இருக்கு. உடம்பு தன் வேலைக்காக வெச்சிருக்கறது. இந்தக் கிருமி அது வழியாத்தான் உள்ளே போகும். சில பேருக்கு வாசல் நிறைய. சில பேருக்கு இல்லவே இல்லைன்னு சொல்லலாம்.”

“அப்ப அவங்களுக்கு வரவே வராதா?”

“உள்ளே போனாத்தானே பெருகும்? பெருகலைன்னா அவங்ககிட்டேயிருந்து அடுத்தவங்களுக்கும் போகாது.”

“எனக்கு எப்படி டாக்டர்?”

“உனக்கா? முகூர்த்த நாள் கல்யாண மண்டபம். யார் வேணா உள்ளே போகலாம்” என்று சிரித்தார். அவருக்கு வாசலே இல்லை; தன்னை ‘மூடுவாசல்’ என்பார். சிரிக்கலாம்.

அந்த வார்த்தையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தொண்டைக்குக் கீழே மெல்லிய பிரஷ்ஷை விட்டுச் சுரண்டி எடுத்து, ஊரையே இரண்டாகப் பிரித்தார்கள். திறவாசல்காரர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மூடுவாசல்காரர்கள் வார்டுக்கும் ஆம்புலன்சுக்கும் மயானத்துக்கும் வந்து பத்து வருஷம் சேவை செய்ய வேண்டும். பிறப்பிலேயே அமைந்த வரம், அதை நாட்டுக்குத் திருப்பித் தருவது கடமை என்று டிவியில் சொன்னார்கள். பிறப்பைப் பார்த்து வேலை கொடுப்பது நமக்குப் புதிதா என்ன? பரம்பரை பரம்பரையாக இங்கே பிணம் எரித்தவர்களை முதல் மழைக்காலமே வாரிக்கொண்டு போயிற்று. அப்போது ஒரு சட்டமும் வரவில்லை. எரிக்க ஆள் இல்லாமல் போனபோதுதான் வந்தது.

தணிகாசலம் அதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். கோபமே வராத மனிதர். “மெதுவா, ஓரமா போயிடலாம்” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். கிளட்ச்சை விடத் தெரியாதவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு. பாடை தூக்குகிறவர்களிடமும் அதையே சொல்வார்.

அவருக்கு ஒரே மகள், நிறைமதி. பள்ளியில் எடுத்த சோதனையில் அவளுக்கு அவ்வளவு வாசல்கள் இருந்தன. கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நர்ஸ் இன்னொரு முறை எடுத்தாளாம். வெளியே விட்டால் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டாள் என்றார்கள். ஆனால் மூடுவாசல் பணியாளரின் குடும்பத்தில் திறவாசல் ஆள் இருந்தால் காற்றுவீடு கொடுப்பார்கள். சன்னல் திறக்காத, சுத்திகரித்த காற்று ஓடுகிற அடுக்குமாடி வீடு. பத்து வருஷச் சேவை முடிந்தால் வீடு குடும்பத்துக்கே சொந்தம். நடுவில் நின்றால் வெளியே போக வேண்டியதுதான். நாங்களெல்லாம் ஒரு சிலிண்டர் ஆக்சிஜனுக்கு வரிசையில் நின்ற காலம் அது. தணிகாசலம் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆனால் குளித்து, உடை மாற்றி, காற்றுவீட்டின் இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போவார். மகள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாளாம். “பொணத்துக்குப் பக்கத்துல நின்னுட்டு வந்து பொண்ணைத் தூக்கறேன் எஸ்தரு. ஒண்ணும் ஆகறதில்ல. இதைவிட எனக்கு இன்னா வேணும்?” என்பார்.

முதல் வருஷம் எல்லோரும் மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்தார்கள். பிறகு ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை என் மைக்கைப் பிடுங்காத குறையாகக் கத்தினார்: “மாஸ்க்குக்குள்ளயே முணுமுணுத்தா எங்கப்பா காதுல எப்படிய்யா விழும்?” தணிகாசலம் மாஸ்க்கைக் கழற்றி இன்னொரு முறை கூப்பிட்டார். அதைப் பார்த்த அடுத்த குடும்பமும் அப்படியே கேட்டது. மூடின வாயால் கூப்பிட்டால் உயிர் இறங்கிப் போகாது என்று எவரோ ஒருவர் சொல்ல, அடுத்த மழைக்காலத்துக்குள் அது சாஸ்திரமாகிவிட்டது. எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. மூடுவாசலுக்கு மாஸ்க் எதற்கு, வீண் செலவு என்று அலுவலகமும் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது.

இரண்டு கேஸ் உலைகளில் ஒன்று எப்போதோ உட்கார்ந்துவிட்டது. மற்றது கூட்டம் தாங்காமல் அடிக்கடி நிற்கும். தகரக் கூரையின் கீழே விறகு அடுக்கித்தான் பெரும்பாலும் எரிக்கிறார்கள். மழையில் நனைந்த விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். மழை நாளில் புகை மேலே போகாமல் கொட்டகைக்குள்ளேயே சுற்றும். தணிகாசலம் அதில் வெறும் மூக்கோடு வருஷக் கணக்காக நின்றார்.

அவருடைய சேவையின் கடைசி மழைக்காலம் தொடங்கும்போதுதான் இருமல் வந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. வறட்டு இருமல். டாக்டர் ருக்சானா ஒரு நாள் வார்டிலிருந்து நேராக வந்து, கொட்டகை ஓரத்தில் அவரை உட்கார வைத்து, பிரஷ்ஷை விட்டு எடுத்துக்கொண்டு போனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். அந்தப் பக்கத்து மைக் வழியாக அவர்கள் பேசியது எனக்கும் கேட்டது. நான் மைக்கை அணைக்கவில்லை. அவர்களும் அணைக்கச் சொல்லவில்லை.

“அண்ணே, உங்களுக்கு இப்ப வாசல் நிறைய இருக்கு. எஸ்தரைவிட நிறைய.”

“நான் மூடுவாசல் டாக்டரம்மா. கார்டுலயே போட்டிருக்கே?”

“கார்டு போட்டப்ப இருந்த நெஞ்சு வேற. புகை படப் பட அந்தச் செல்லு தன்னைக் காப்பாத்திக்கப் பார்க்கும். அதுக்காக வாசலைக் கூட்டிக்கிட்டே போகும். அது கிருமிக்கு வசதியாப் போச்சு.”

“பொறப்புல வர்றதுன்னாங்களே?”

“கொஞ்சம் பொறப்பு. மீதி, நாம எந்தக் காத்தை இழுக்கறோம்கறதுதான். மத்த மயானத்துலயும் மூணு பேருக்கு எடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் இப்படித்தான். மேல எழுதினேன். மூடுவாசல்காரங்களுக்கு மறு சோதனை செய்ய சட்டத்துல இடமில்லை, எடுத்ததே தப்புன்னு எனக்கு மெமோ வந்திருக்கு.”

தணிகாசலம் கேட்டது ஒரே கேள்வி.

“எனக்குக் காய்ச்சல் வந்தா, அது தெரியறதுக்கு முன்னாடியே என் பொண்ணுக்குப் போயிடுமா?”

“போகலாம்.”

“நான் முடியலைன்னு நின்னுட்டா வீடு போயிடும்.”

“போயிடும்.”

“இந்த மழைக்காலம் முடிஞ்சா என் பத்து வருஷமும் முடியுது. அதுவரைக்கும் வீட்டுக்குப் போகாம இருந்துக்கறேன். மாஸ்க் போட்டுக்கறேன். மெதுவா, ஓரமா போயிடலாம் டாக்டரம்மா.”

அன்றிலிருந்து விறகுக் கிடங்குக்குப் பக்கத்து அறையிலேயே படுத்துக்கொண்டார். கூட்டம் அதிகம், வர முடியவில்லை என்று வீட்டில் சொன்னார். விடுமுறை நாளில் காற்றுவீட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையோரம் போய் நிற்பார். மேலே கண்ணாடிச் சன்னலில் மகள் வந்து கையாட்டுவாள். போனில் பேசிக்கொள்வார்கள். “உள்ளே வாப்பா” என்று அவள் கேட்க, இவர் ஏதாவது சாக்குச் சொல்ல, கடைசியில் அவள் கோபித்துக்கொண்டு கேட்பதையே விட்டுவிட்டாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தினேன். “சொன்னா அவ அந்த வீட்டுல ஒரு வேளை சோறு திங்க மாட்டா எஸ்தரு. அவ அம்மா சாமானைக் கட்டிடுவா” என்றார்.

டாக்டர் கெட்டியான மாஸ்க்குகள் கொண்டுவந்து கொடுத்தார். தணிகாசலம் அதைப் போட்டுக்கொண்டுதான் கூப்பிட்டார். புகார்கள் குவிந்தன. மேற்பார்வையாளர் பரந்தாமன் என் கூடத்துக்கே வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது? மூடுவாசல் ஆளு மாஸ்க் போட்டா ஜனங்க பயப்பட மாட்டாங்களா? இவருக்கே வந்துடுமோன்னு நினைக்க மாட்டாங்களா?”

“வந்தா இன்னா பண்றதுங்க?”

“அதெல்லாம் வராது. கார்டு இருக்குல்ல?” என்றார் அவர். நல்ல மனிதர்தான். கார்டை நம்புகிறவர்.

ஒரு பெண்ணின் உடல் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலேஜில் படிக்கிற பெண். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுடைய அப்பா மட்டும். தாயும் போன வருஷம் இங்கேதான் எரிந்திருக்கிறாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்பா முறைங்க. மகளைப் பாப்பான்னு கூப்பிடணும்” என்றேன் மைக்கில். தணிகாசலம் குனிந்து கூப்பிட்டார். மாஸ்க்குக்குள் அது என்ன வார்த்தை என்றே தெரியவில்லை.

“ஐயாவை மாஸ்க்கை எடுத்துட்டு ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கம்மா” என்றார் அந்த மனிதர் என்னிடம்.

“அவருக்கு உடம்பு சரியில்லைங்க.”

“ஒரே தடவைம்மா. நாலு நாளா வார்டுல என்னை உள்ளே விடலை. எவனும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டான். பயந்துக்கிட்டே போயிருப்பா. ஒரு தடவை நல்லாக் கூப்பிட்டா, நான் வந்துட்டேன்னு நினைச்சுப்பா.”

நான் என் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அது அத்தனையும் அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. தணிகாசலம் நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்தார். அவர் கை மாஸ்க்கின் கயிற்றுக்குப் போவதை நான் பார்த்தேன்.

“வேணாம்ங்க! கழட்டாதீங்க!” என்று கத்தினேன். “உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு!”

“அதனாலதான் எஸ்தரு” என்றார்.

கழற்றினார். அவளுடைய முகத்துக்கு மேலே குனிந்து, “பாப்பா... பாப்பா... அப்பா வந்துட்டேன்மா” என்றார். மூன்று முறைதான் வழக்கம். அவர் நிறுத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைப் பிடித்திருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, தன்னை மறந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஒரு வாரத்துக்குள் தணிகாசலத்துக்குக் காய்ச்சல் கண்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, “இன்னும் கொஞ்ச நாள்தானே பாக்கி, லீவுல கழிச்சுக்குவாங்களா, கேட்டுச் சொல்லு” என்று என்னிடம் கேட்டார். கேட்டேன். கழித்துக்கொள்ள மாட்டார்களாம்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் டாக்டர் ருக்சானா என் கூடத்துக்குள் வந்து, பின் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“எப்போங்க?”

“விடியக்காலையில. கடைசியா வீட்டைப் பத்திதான் கேட்டார். வீடு போகாதுல்லன்னார். போகாது அண்ணேன்னேன்.”

“சாகப்போறவர்கிட்ட வேற என்ன சொல்ல முடியும்?”

“நான் பொய் சொல்லலை எஸ்தர். வீடு நிஜமாவே போகாது.” டாக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பதினெட்டு முடிஞ்ச திறவாசல் பிள்ளைங்களுக்கு மறு சோதனை பண்றாங்கல்ல? ஆள் பத்தலையாம், இந்த வருஷம் தேடித் தேடி எடுக்கறாங்க. நிறைமதிக்கும் எடுத்தாங்க. மூடுவாசல்.”

“அவளுக்கா? கருவியே கெட்டுப்போச்சுன்னு நினைச்ச பொண்ணுக்கா?”

“சின்னதுல அவங்க வீடு பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருந்துச்சாம். டீசல் புகை. அதான் அவ்வளவு வாசல். பத்து வருஷமா சுத்தமான காத்துல இருந்திருக்கா. ஒவ்வொண்ணா மூடிக்கிச்சு. எப்பவோ மூடியிருக்கும்.”

“எப்பவோன்னா...”

“ஆமா. அவர் கீழே டீக்கடையில நின்னு கையாட்டினாரே, அப்பவெல்லாம் அவளுக்கு வாசலே இல்லை. தாராளமா உள்ளே போயிருக்கலாம். அவரைச் சோதிக்க எனக்குத் தோணுச்சு, அவளைச் சோதிக்கத் தோணலையே.”

திறவாசல் மூடினால் மறு சோதனை உண்டு. மூடுவாசல் திறந்தால் கிடையாது. இதை எழுதியவர்கள் எந்தக் காற்றை இழுத்துக்கொண்டு எழுதினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். காற்றுவீடுகளில் வளர்ந்த பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கும் இந்நேரம் எல்லாம் மூடியிருக்கும். அவர்களை எந்த மயானத்திலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் நிறைமதி வேலைக்கு வந்தாள். பத்து வருஷச் சேவை, முதலிலிருந்து; அவள் சேவையில் இருக்கும்வரை திறவாசலான அம்மாவுக்கு அந்த வீடு உண்டு. அப்பா செய்தது அப்பாவோடு போயிற்று. அதே உயரம், அதே நெற்றி. பத்து வருஷம் கழித்து வெளிக்காற்றில் நிற்கிற பெண், வானத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தில் டாக்டர் கொடுத்த கெட்டி மாஸ்க். புகையின் வாசனைக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

வார்டு வண்டி தணிகாசலத்தை ஏற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் வேறு வேறு சிதைகளில் இருந்தார்கள். “நான் நிக்கறேன்க்கா” என்றாள்.

சொந்தக்காரர் உடலுக்குப் பணியாளர் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முன்பு ஒருவர் தன் மனைவியின் சிதையை விட்டு விலக மறுத்ததிலிருந்து வந்த விதி. ஒவ்வொரு முறையும் மைக்கில் நான் அதைக் கேட்டாக வேண்டும், அது பதிவாகும்.

“இறந்தவர் உங்களுக்கு உறவா?”

அவள் என்னைப் பார்த்தாள். “இல்லீங்க” என்றாள்.

என் பின்னால் கோமளா, தணிகாசலத்தின் மனைவி, தனியாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த வண்டிகளுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் சுற்றி நிறைந்திருந்தன. நான் மைக்கில் சொன்னேன்: “பிள்ளை முறைம்மா. அப்பான்னு கூப்பிடணும்.”

நிறைமதி குனிந்தாள். கூப்பிட வாய் வரவில்லை. பின்னாலிருந்து ஒருவர் தன் வீட்டுக் காரியம் தாமதமாகிற எரிச்சலில் குரல் கொடுத்தார்: “புதுப் பொண்ணு போலிருக்கு. மாஸ்க்கைக் கழட்டிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கம்மா. இல்லைன்னா போற உயிருக்கு எப்படிக் கேக்கும்?” ஆமாம் ஆமாம் என்று இன்னும் இரண்டு குரல்கள். அந்தப் பக்கம் அது கேட்டுவிட்டது. அவள் கை காதோரம் கயிற்றுக்குப் போயிற்று. அவள் அப்பாவின் கை போனதைப் போலவே போயிற்று.

அதற்குள் கோமளா எழுந்து வந்து, என் தோளுக்கு மேலே கையை நீட்டி, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த மைக்கில் எந்தக் குடும்பமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“கழட்டாதடி. மாஸ்க்கோடயே கூப்பிடு. உங்கப்பாவுக்குக் கேக்கும்.”

மகளின் கை கீழே இறங்கியது. அவள் அவர் காதோடு முகத்தைச் சேர்த்து மூன்று முறை கூப்பிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.